மைட்டோசிஸ்: நூலில் பிறந்த சொல்

வெங்காயத்தின் அடி தண்ணீரில் படும்படி ஒரு கண்ணாடிக் குவளையின் வாயில் உட்கார வைத்தால், மூன்று நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கிவிடும். மொரீசியசின் ரோஸ் ஹில்லில் அக்கா வீட்டுச் சமையலறைச் சன்னலில் போன வாரம் அப்படி ஒரு குவளை இருந்தது. அக்கா மகளுக்குப் பள்ளியில் வேர் நுனியை நுண்ணோக்கியில் பார்க்கும் பாடமாம். "மாமா, மிதோஸுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைத்தான் கேட்கிறாள்.

மொரீசியசில் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறார்கள், பத்திரிகையைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள். தமிழ் தனி ஒரு பாடம். அதற்குள் உயிரியல் வருவது அரிது. அதனால் அவள் கேட்டதே எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பிரெஞ்சில் மிதோஸ், ஆங்கில வழியில் மைட்டோசிஸ். வேர் கிரேக்கம். 'மிட்டோஸ்' என்றால் நூல், அதுவும் தறியில் ஓடும் நூல். வால்தர் ஃபிளெமிங் என்ற ஜெர்மானியர் 1882-ல் இந்தப் பெயரை வைத்தார். பல்லி போல இருக்கும் சாலமாண்டரின் குஞ்சுகளின் திசுவைச் சாயத்தில் தோய்த்துப் பார்த்தவர் அவர். சாயம் ஏறாத செல்லுக்குள் பெரிதாக எதுவும் தெரியாது. சாயம் ஏறியதும் உட்கருவில் நூல் நூலாகத் தெரிந்தது. கண்ணில் பட்டதையே பெயராக வைத்துவிட்டார். அந்த நூல்களுக்குக் குரோமோசோம் என்ற பெயர் அதற்கும் ஆறு ஆண்டு கழித்துத்தான், 1888-ல், வந்தது.

சரி, அந்த நூல் என்ன செய்கிறது? செல் முதலில் வளர்கிறது. தன் காலத்தின் பெரும்பகுதியை அதிலேயே கழிக்கிறது. அப்போதே டி.என்.ஏ. முழுவதையும் இன்னொரு படி எடுத்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் நூல்கள் சுருண்டு தடித்துக் கண்ணுக்குத் தெரிகின்றன. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம், ஒவ்வொன்றும் இப்போது இரட்டை. அவை செல்லின் நடுவில் வந்து நிற்க, இரு முனையிலிருந்தும் மெல்லிய இழைகள் பிடித்து இழுக்கின்றன. இந்த இழைகளின் அமைப்புக்குத் தமிழ்ப் பாடநூல்களில் 'கதிர்' என்று பெயர். நூல் நூற்கிறவர்கள் கையிலிருந்த அதே கதிர்தான்: நடு பருத்து, இரு முனையும் கூர்ந்து இருக்கும். இரட்டை பிரிந்து பக்கத்துக்கு 16 போய்ச் சேரும். நடுவே ஒரு சுவர் எழும். ஒரு செல் இரண்டாகிவிடும்.

இனி தமிழ்ச் சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மைட்டாசிஸ்' என்று அப்படியே இருக்கும், அல்லது 'மறைமுகப் பிரிவு'. உட்கரு நேராக இரண்டாகப் பிளப்பதை 'நேர்முகப் பிரிவு' என்பதால், அதற்கு எதிராக வைத்த பெயர் அது. வழக்கில் இருக்கிறது, தவறில்லை. ஆனால் ஒரு பிள்ளை அதைக் கேட்டால் என்னவோ ஒளிந்து நடக்கிறது என்றுதான் நினைக்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'இழையுருப் பிரிவு'. இழை என்றால் நூல், இழையுரு நூல் வடிவம். ஃபிளெமிங் கண்டது சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது. என் மனம் முழுக்க இந்தச் சொல்லின் பக்கம்தான்.

அதே இலங்கை வழக்கில், செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு 'இழைமணி' என்று பெயர். கிரேக்கத்திலும் அது நூலும் மணியும் சேர்ந்த சொல்தான். இழை என்ற ஒரு சொல் தெரிந்தால் இரண்டு கதவு திறக்கிறது.

அக்கா மகள் பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னாள்: வேர் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் நறுக்கி, சாயமிட்டு, கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார்களாம். பெரும்பாலான செல்களில் வெறும் உருண்டை. ஒன்றிரண்டில் மட்டும் கருஞ்சிவப்பாய் நூல்கள், கொத்துக் கொத்தாக. "இழைதான் மாமா, நிஜமாவே இழை."

அப்புறம் அவளுக்கு இன்னொரு தொல்லை. மிதோஸ், மேயோஸ் இரண்டும் காதில் ஒன்றுபோல விழுந்து தேர்வில் மாறிப் போகின்றன. மேயோஸ், ஆங்கில வழியில் மியோசிஸ்; கிரேக்கத்தில் 'குறைதல்'. முட்டையும் விந்தும் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாவதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் அது குன்றல் பிரிவு, இலங்கையில் ஒடுக்கற்பிரிவு. நோட்டின் ஓரத்தில் மிதோஸுக்கு நேரே 'இழை' என்றும் மேயோஸுக்கு நேரே 'குன்றல்' என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.