சொல் விளக்கம்: ஜந்து

மழைக்காலத்தில் இருட்டியபின் பின்வாசல் பக்கம் கால் வைத்தாலே ஆச்சியின் குரல் வரும்: “ஏல, செந்து கிந்து கெடக்கும், வெளக்க எடுத்துட்டுப் போ.” ஆச்சியின் செந்துக் கணக்கில் பாம்பு, தேள், பூரான், எட்டுக்கால் பூச்சி, மரவட்டை எல்லாம் ஒரே வரிசை. கடிப்பது, கடிக்காதது என்ற பிரிவினையே கிடையாது.

‘ஜந்து’ என்று சொல்ல வராமல்தான் ஆச்சி இப்படிச் சொல்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிழை என்னுடையது. ஜபம் செபமானது போல, ஜன்மம் சென்மமானது போல, ஜந்து தமிழில் செந்து ஆகும். அகராதியிலும் அந்த வடிவம் உண்டு.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘ஜன்’ என்றால் பிறத்தல். பிறந்தது எதுவோ அது ஜந்து. ஜனனமும் ஜன்மமும் அதே வேரில் முளைத்தவைதான். நமக்கு ரொம்பப் பழக்கமான ‘ஜனம்’ கூட அங்கிருந்துதான் வருகிறது. வடமொழியில் மனிதனையும் ஜந்து என்று சொல்வதுண்டு. அப்படியென்றால் ஜனமும் ஜந்துவும் அக்காள் தங்கை. ஒன்று வாக்குப் போடும் இடத்துக்குப் போனது, மற்றொன்று விளக்குமாற்று அடி வாங்குகிறது. சொல்லில் இல்லாத அருவருப்பை நாம்தான் அதன்மேல் ஏற்றியிருக்கிறோம். ‘விஷ’ என்பதை முன்னால் ஒட்டியபின் ஏற்றிய சுமை இறங்கவே இல்லை.

தமிழில் சின்ன உயிர்களை இப்படி மொத்தமாக அள்ளிப் போடும் வழக்கம் மட்டும்தான் இருந்ததா என்றால், இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வாரியாகப் பிரிக்கும்போது நத்தையை ஈரறிவிலும், கரையானையும் எறும்பையும் மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் வைக்கிறது. அந்தக் கணக்கு இன்றைய உயிரியலோடு ஒத்துப்போகாது, சரி. ஆனாலும் கரையானை உற்றுப் பார்த்து, அதற்கும் அறிவு உண்டு என்று எழுதிய ஆள் அதைச் செருப்பால் தேய்த்துவிட்டு எழுதியிருக்க மாட்டார்.

பேச்சு வழக்கில் நமக்கு ‘பூச்சி பொட்டு’ இருக்கிறது. ஆறு கால் இருந்தால்தான் பூச்சி என்பது பாடப்புத்தகம். நம் ஊரில் எட்டுக்கால் சிலந்தியும் பூச்சி, ராத்திரியில் பெயர் சொல்லக் கூடாது என்பதால் பாம்பும் பூச்சி. எது கடித்தது என்றே தெரியாமல் உடம்பு தடித்தால் அது ‘காணாக்கடி’. பயத்திலும் ஒரு நாசூக்கு.

இந்த மொத்தப் பெயர்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உடைகின்றன. முதலில் உடைந்தது வயலில் என்றுதான் நினைக்கிறேன். கார், பிசானம் என்று நெல் போடும் இரண்டு பூவுக்கும் (பருவத்துக்கும்) மருந்தடித்த காலத்தில் பூச்சி என்றாலே எதிரி. கொல்வதற்கு அடிக்கும் நஞ்சுக்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்தோமே, அது தனிக் கட்டுரைக்கு ஆகும். ஆனால் கண்டபடி மருந்தடித்த வயலில் நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சி குறையாமல் பெருகிய கதை நெல் போடுகிறவர்களுக்குத் தெரியும். புகையானைத் தின்னும் சிலந்தியும் வண்டும் முதலில் செத்தன. அப்புறம்தான் ‘நன்மை செய்யும் பூச்சி’ என்ற தொடர் விவசாயிகள் வாயில் ஏறியது. நல்லது, கெட்டது என்று பிரிப்பதும் நம் லாபக் கணக்குதான். இருந்தாலும் மொத்தமாக வெறுப்பதை விட மேல்.

தட்டானின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று அதே வாய்க்கால் கரையில் பிள்ளைகள் அதைப் போனில் படம் எடுத்து, இது என்ன தட்டான் என்று கேட்கிறார்கள். பதில் எனக்குத் தெரிவதில்லை. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் ‘தமிழ் மறவன்’ அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பறப்பது. அதை யாரும் ஜந்து என்று சொல்வதில்லை. அதுவே புழுவாக இலையைத் தின்றுகொண்டிருக்கும்போது பார்த்தால் என்ன சொல்வார்களோ!

சரி, ஜந்துவுக்குத் தமிழ் என்ன? பொதுவாகச் சொல்ல ‘உயிரி’ போதும். சின்னவற்றைக் குறிக்கச் ‘சிற்றுயிர்’ நல்ல சொல். அளவைச் சொல்கிறதே தவிர, வெறுப்பைச் சொல்வதில்லை. ‘விஷ ஜந்து’வை ‘நச்சுயிரி’ ஆக்கலாம் என்பார்கள். வைரஸுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம், அதனால் குழப்பம் வரும். ‘நச்சுள்ள உயிர்’ என்று பிரித்தே எழுதிவிடலாம். பேச்சில் பூச்சி பொட்டு இருக்கவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் படித்துறை ஒன்றில் ‘விஷ ஜந்துகள் நடமாடும் இடம்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால், ‘பாம்பு, தேள் உண்டு, பார்த்து இறங்கவும்’ என்று எழுதச் சொல்லியிருப்பேன். மரவட்டையாவது பட்டியலிலிருந்து தப்பித்திருக்கும்.