மரத்துப் பாசியைச் சுரண்டாதீர்கள்

மழை ஓய்ந்தால் போதும், கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களிலிருந்து கேள்வி வந்துவிடும்: "மரமெல்லாம் பாசி பிடிச்சிருச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" சென்ற வாரம் போன தோட்டத்தில் கேட்பதற்கு முன்பே வேலையை முடித்திருந்தார்கள். நிழலுக்கு நிற்கும் பலா மரங்களைக் கம்பி பிரஷால் சுரண்டி, மேலே மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்துப் பூசியிருந்தார்கள். பட்டை கிழிந்து பால் வடிந்துகொண்டிருந்தது.

பாசி மரத்தின் சாற்றை உறிஞ்சாது. பாசிக்கும் அதோடு கலந்து வளரும் லிவர்வோர்ட் என்ற பாசியைப் போன்ற சிறு செடிக்கும் வேரே கிடையாது. பிடித்துக்கொள்ள நுண்ணிய இழைகள் உண்டு, அவை செத்த வெளிப்பட்டையோடு நின்றுவிடும். மழை, மூடுபனி, மரத்தில் வழியும் நீர் எல்லாவற்றையும் இலையே நேராக வாங்கிக்கொள்ளும். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெத்தையாக எழும்பி நிற்பது பாசி. பட்டையோடு தட்டையாக ஒட்டிச் செம்பழுப்பாகப் படர்வது பெரும்பாலும் ஃப்ருலானியா என்ற லிவர்வோர்ட். அதன் இலையடியில் குட்டித் தொப்பி போலப் பைகள் இருக்கும், தண்ணீர் பிடித்துவைக்க. மரத்திடம் உறிஞ்சிக் குடிக்கிற செடிக்கு இந்தப் பை எதற்கு? (ஃப்ருலானியா பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். மரம் வெட்டுபவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.)

உறிஞ்சுவது புல்லுருவி. அதைக் கண்டால் கிளையோடு வெட்டி எடுங்கள்.

"பாசி பிடிச்ச மரம்தானே காயுது?" என்கிறார்கள். தலைகீழாகப் பார்க்கிறீர்கள். மரம் நலிந்து இலை உதிர்ந்தால் தண்டில் வெளிச்சம் கூடுதலாக விழுகிறது, பாசி செழிக்கிறது. காரணத்தைக் கீழே தேடுங்கள். அடிமரத்தில் மண் குவிந்திருக்கிறதா? தண்ணீர் தேங்குகிறதா? பாதை வெட்டும்போது வேர் அறுபட்டதா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அரபிகா காபியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்காகக் காய்ந்த பட்டையைத் தேய்த்து எடுக்கச் சொல்கிறோம், வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும் என்பதால். அது காபிச் செடிக்கு மட்டும். அதையும் நார்க் கையுறையால், உள்பட்டையில் காயம் படாமல் செய்ய வேண்டும். நிழல் மரத்துக்கு அந்த வேலையே வேண்டாம். மிளகு ஏறிய மரத்தைச் சுரண்டினால் பற்றுவேர் அறுந்து கொடியே சரிந்துவிடும்.

ஏற்கெனவே சுரண்டிவிட்டீர்களா? சரி, இனி அதன்மேல் எதையும் பூசாதீர்கள். தொங்கும் பட்டையை மட்டும் கூரான கத்தியால் நறுக்கிவிட்டு, காயத்தை ஆற விடுங்கள். அடுத்த முறை ஆள் விட்டுச் சுரண்டும் முன், தயவுசெய்து ஒரு போன் செய்யுங்கள்.