மழையில் நனைந்த தோட்டா வெடிக்குமா?

ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் காலையில் வெயில் கொளுத்தும். மதியம் தாண்டினால் இடி இடிக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை மாமாவோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போயிருந்தேன். திடீர் மழையில் தோட்டாப் பெட்டி மாட்டிக்கொண்டது. அட்டை ஊறிக் கையோடு பிய்ந்து வந்தது. தீபாவளிக்கு நமுத்துப்போகும் பட்டாசுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. "போச்சு மாமா, இனி ஒன்றும் வெடிக்காது" என்றேன். அவர் சிரித்தார். "தோட்டா கிடக்கட்டும், முதலில் துப்பாக்கிக் குழலைப் பார்."

பழைய பட்டாசுக்குள் இருப்பது கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும். நனைந்தால் கதை முடிந்தது. ரைஃபிள் தோட்டாவில் உள்ள பவுடர் வேறு. 1884இல் பிரான்சில் போல் வியெய் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தது அது. நைட்ரோசெல்லுலோஸ்தான் அடிப்படை, தண்ணீரில் கரையாது, எரியத் தேவையான ஆக்சிஜனும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதோடு பித்தளைக் கூட்டின் வாயில் குண்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அடியில் பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பற்றி மருந்தைக் கொளுத்தும் சின்னக் கிண்ணம், அழுத்திப் பொருத்தியிருக்கும். ஒரு மணி நேர மழை உள்ளே போக வழியில்லை. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று சிலர் தோட்டாவுக்கு எண்ணெய் தடவுகிறார்கள்; அதுதான் வம்பு. எண்ணெய் மெல்ல ஊர்ந்து பிரைமருக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடலாம்.

போயர் போரில், 1900 ஜனவரி 24 காலையில், இதே நேட்டாலில் உள்ள ஸ்பியான்கோப் மலையை மூடுபனி அப்பிக் கிடந்தது. பிரிட்டிஷார், போயர்கள் என இரு தரப்பிலும் பெரும்பாலும் புகையில்லா மருந்துதான். பனி விலகியதும் நாள் முழுக்கச் சண்டை நடந்தது. அங்கே காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் நேட்டால் இந்தியர்களும் உண்டு.

சரி, குழலுக்கு வருவோம். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல் முனையை விரலால் மூடித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கீழே விழாது. விரலை எடுத்தால்தான் கொட்டும். ரைஃபிள் குழலும் ஒரு ஸ்ட்ராதான். தோட்டா ஏற்றி போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டை, மூடிவிட்டால் பின்முனையில் விரல் வைத்த மாதிரி. வாயைக் கீழே சாய்த்தாலும் உள்ளே புகுந்த மழைத் தண்ணீர் அப்படியே நிற்கலாம். 5.56 மில்லிமீட்டர் போன்ற சின்னத் துளையில் இந்தத் தொல்லை அதிகம். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வரும் குண்டுக்கு முன்னால் தண்ணீர் விலகிக்கொள்ள நேரம் இல்லை. சுவர் மாதிரி நிற்கும். பின்னால் அழுத்தம் ஏறிக் குழல் புடைக்கும், வெடிக்கவும் வெடிக்கும். மாமா தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, வாயைத் தரைக்குச் சாய்த்தார். ஒழுகியது என்னவோ இரண்டு சொட்டுதான். அப்புறம் துணி கோத்த கம்பியை விட்டுத் துடைத்தார். வேட்டைக்குப் போகிறவர்கள் குழல் வாயில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்வதும் இதற்காகத்தான். குண்டுக்கு முன்னால் ஓடும் காற்றே டேப்பைத் தள்ளிவிடும்.

தோட்டாவையும் துடைத்துத்தான் போட வேண்டும், ஆனால் காரணம் வேறு. வெடிக்கும்போது பித்தளைக் கூடு உப்பி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. .308 ரகத் தோட்டாவில் அழுத்தம் 4,000 வளிமண்டலம் வரை போகும். போல்ட்டை நோக்கிப் பின்னால் தள்ளும் விசை மூன்று டன்னைத் தாண்டும். அதில் ஒரு பங்கை அந்தப் பிடிமானம் தாங்குகிறது. ஈரமோ எண்ணெயோ இருந்தால் கூடு வழுக்கி, பாரம் முழுக்க போல்ட்டின் தலையில் விழும்.

அன்று எல்லாத் தோட்டாவும் வெடித்தன. வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்டிருந்தால், குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 நொடியாவது காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றலாம். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக வந்தால் இன்னும் மோசம். குண்டு பாதி வழியில் சிக்கியிருக்கலாம். குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மாமா தோல் பெல்ட்டில் வருடக்கணக்காகச் செருகிக் கிடந்த தோட்டாக்களை எடுத்தார். தோலும் டர்பன் நகரக் காற்றின் ஈரமும் சேர்ந்து பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. லேசான கறை துணியில் போய்விட்டது. நகத்துக்குப் பள்ளம் தட்டிய ஏழு தோட்டாக்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத் தனியே வைத்தார். அத்தை எட்டிப் பார்த்து, "குத்துவிளக்குக்குப் போடுற பாலிஷ் இருக்கே, தரட்டுமா?" என்றார். மாமா பதறிவிட்டார்.

அந்தப் பாலிஷில் அம்மோனியா வாடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல். பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயரிட்டார்கள். 1921இல்தான் காரணம் தெளிவானது. கூடு செய்யும்போது பித்தளையை இழுத்து நீட்டுகிறார்கள். அந்த இறுக்கம் உலோகத்துக்குள் தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து செம்பை அரிக்க, இறுக்கம் அந்த இடத்தைப் பிளக்கிறது. கூட்டை மிதமாகச் சூடாக்கினால் இறுக்கம் தளரும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு நிழல் தெரியும். அது அந்தச் சூட்டின் தடம்.

மாமா ஒன்றை எடுத்து அத்தையிடம் அந்த நிழலைக் காட்டினார். அத்தை பார்த்துவிட்டு, "இதுவும் கறைதான்னு நினைச்சேன்" என்று பாலிஷ் டப்பாவைப் பூஜை அறைக்கே எடுத்துப் போனார்.