'பிளாட்' என்பது கறையன்று, தனிக்காய்

இருவர் பகடை வீசிக் காய் நகர்த்தும் பேக்கேமன் ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் துணையில்லாமல் ஒற்றையாக நிற்கும் காயை ஆங்கிலத்தில் 'பிளாட்' என்பர். எதிராளியின் காய் அங்கே வந்து விழுந்தால் அது வெட்டுப்பட்டுப் பலகையை விட்டு நீங்கி, முதலிலிருந்து ஓடிவர வேண்டும். இச்சொல்லைச் சிலர் தொடர்ந்து 'கறை' என்று மொழிபெயர்ப்பதை இனியும் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

மைக்கறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் எழுத்து ஒன்றே. ஆனால் இந்த ஆட்டச் சொல், 'மறைப்பில்லாத, வெற்றான' என்று பொருள்படும் டச்சுச் சொல்லான 'புளோட்' என்பதன் உறவாக இருக்கலாம் என்பதே அகராதியாளர் தரும் விளக்கம். பிரெஞ்சிலும் இதனை 'மூடப்படாத காய்' என்றே வழங்கினர்.

வேர் ஒருபுறம் இருக்கட்டும். 'கறை' என்னும் சொல் ஆடுபவரின் தீர்ப்பையே திசைதிருப்புகிறது. கறை என்றால் துடைக்க வேண்டும், படியாமல் காக்க வேண்டும். பலகையின் 24 கட்டங்களை ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து எண்ணுவர்; காய்கள் 24-இலிருந்து 1-ஐ நோக்கி நகரும்; வெட்டுப்பட்ட காய் 25-இல் இருப்பதாகக் கணக்கு. முதல் வீச்சிலேயே இரு பகடைகளில் 2-1 விழுந்தால் என்ன செய்வது? எந்தக் காயை எப்படி நகர்த்தினாலும் ஒரு காயாவது தனித்து நின்றே தீரும். நெடுநாள் வழக்கப்படி, 13-இலிருந்து ஒன்றை 11-க்கும், 6-இலிருந்து ஒன்றை 5-க்கும் நகர்த்துவர். 5-இல் நிற்பதை எதிராளி 36 வீச்சுகளில் 15-இல் வெட்டலாம். தப்பினால் அடுத்த வீச்சில் துணை சேர்த்து, மிக மதிப்புள்ள அந்தக் கட்டத்தைப் பிடித்துவிடலாம். 1990-களில் ஐ.பி.எம். ஆய்வாளர் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்னும் பேக்கேமன் ஆடும் கணினி நிரலோ, 5-க்கு இறக்குவதற்குப் பதிலாக 24-இல் உள்ள இணையைப் பிரித்து ஒன்றை 23-க்குக் கொண்டுவருவதை விரும்பியது. அவ்வாறு ஆடினால் 24, 23, 11 ஆகிய மூன்றிலும் காய்கள் தனித்து நிற்கும். 'கறை' எண்ணிப் பார்ப்பவர் இதனை உடனே ஒதுக்கிவிடுவார். ஆனால் 5-இல் வெட்டுப்பட்டால் 20 கட்டங்கள் இழப்பு; 24-இல் வெட்டுப்பட்டால் ஒன்றே ஒன்றுதான் இழப்பு. எத்தனை காய்கள் தனித்து நிற்கின்றன என்பதைவிட, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, வெட்டுப்பட்டால் எவ்வளவு போகும், தப்பினால் என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை 'கறை' கேட்கவே விடுவதில்லை.

'வெட்டுக்காய்' என்பாரும் உளர். அது வெட்டும் காயா, வெட்டுப்படும் காயா என்பது விளங்கவில்லை. எதிராளியின் காய்கள் யாவும் கடந்துபோன பின்னர், தனித்து நிற்பதை வெட்டவும் முடியாது. 'தனிக்காய்' என்பது இருப்பதை மட்டும் சொல்கிறது. நன்மை தீமையை ஆடுபவரிடம் விடுகிறது. 'தனிக்காய் விட்டான்', 'தனிக்காயை வெட்டினான்', 'தனிக்காயை இணைத்தான்' என வினைகளோடும் இயல்பாகச் சேர்கிறது.

ஆட்டத்தை ஆடிப் பாராமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைப்பதால் வரும் கேடு இது. ஆங்கிலத்தில் 'பாயிண்ட்' எனப்படும் கட்டத்தைப் 'புள்ளி' என்று எழுதுவதும் இவர்களே; ஆட்டத்தில் வெல்லும் புள்ளிகளுக்கும் அதே சொல்லை எழுதுவதால், '5 புள்ளியைப் பிடித்தார்' என்னும் வரியில் அவர் வென்றாரா, காய் நகர்த்தினாரா என்பது படிப்பவருக்குப் புலப்படுவதில்லை.