நல்ல கண்ணுக்கு எதற்கு ஆபரேஷன்?

"அம்மாவுக்கு வலது கண்ணின் மேல் இமை தொங்குகிறது. ஆபரேஷன் செய்தால் இடது இமையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது? காசு பிடுங்கப் பார்க்கிறாரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சந்தேகப்படுவதில் தப்பில்லை, நானும் படுவேன். ஆனால் இந்த விஷயத்தில் டாக்டர் சொன்னதற்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டு உடலியல் விதி ஒன்று இருக்கிறது.

முதலில் இமை எப்படி மேலே போகிறது என்று பார்த்துவிடலாம். கண்குழியின் கடைக்கோடியில், மண்டையோட்டு எலும்பில் தொடங்கி, கண்ணுக்கு மேலாகவே முன்னால் வருகிறது லிவேட்டர் என்ற தசை. முன்பக்கம் வந்ததும் அது மெல்லிய வெள்ளை நாராக மாறி, இமைக்குள் இருக்கும் அட்டை மாதிரி விறைப்பான ஒரு தகட்டில் போய்ச் சேர்கிறது. தசை இழுப்பது பின்பக்கமாக, ஆனால் இமை போவது மேல்பக்கமாக. நடுவில் விட்னால் தசைநார் என்று ஒன்று குறுக்கே ஓடுகிறது, கிணற்று ராட்டினம் கயிற்றின் திசையைத் திருப்புவது போல அது இழுப்பைத் திருப்பிவிடுகிறது. இதற்கு அடியில் முல்லர் தசை என்று ஒரு குட்டித் தசை, அதன் பங்கு 2 மில்லிமீட்டர் போல.

வயதானவர்களுக்கு இமை தொங்கும்போது பெரும்பாலும் தசையில் கோளாறு இருக்காது. கயிறுதான், அதாவது அந்த வெள்ளை நார்தான் தளர்ந்திருக்கும், அல்லது தகட்டிலிருந்து நழுவியிருக்கும். வருஷக்கணக்கில் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் முடிந்த சிலருக்கும்கூட இது வரும். கண்பாவையில் விழும் விளக்கின் பிரதிபலிப்பிலிருந்து இமை விளிம்பு வரை சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 2 ஆனால் பாவையின் விளிம்பை இமை தொட்டுவிடும். அப்புறம் நெற்றியைச் சுருக்கி, புருவத்தால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நாளெல்லாம் இருப்பார்கள், சாயங்காலம் தலைவலி என்பார்கள்.

சரி, இடது கண் கதைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கண்ணை அசைக்கும் தசைகளில் பலவற்றுக்கு உத்தரவு போவது மூன்றாம் மூளை நரம்பு வழியாக. மற்ற தசைகளுக்கு அந்த நரம்பின் உட்கருவில், அதாவது மூளைக்குள் அந்த நரம்பு தொடங்கும் அணுக்கூட்டத்தில், இடம், வலம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. இமையைத் தூக்கும் தசைக்கு மட்டும் அப்படி இல்லை. நட்டநடுவில் ஒற்றைக் கொத்தாக நரம்பணுக்கள், இரண்டு இமைகளுக்கும் அதுவே மேலிடம். வலது இமைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் உத்தரவு என்று அதனால் அனுப்ப முடியாது. ஜெர்மானிய உடலியலாளர் எவால்ட் ஹெரிங், இரு கண்களும் சேர்ந்து அசைவதைப் பற்றி 1868இல் சொன்ன சமநரம்பூட்டல் விதி (ஜோடித் தசைகள் இரண்டுக்கும் ஒரே அளவு உத்தரவுதான் போகும் என்பது) இமைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வலது மாடு சோர்ந்துபோகிறது, வண்டி நகரவில்லை, வண்டிக்காரர் சத்தத்தைக் கூட்டுகிறார். இடது மாட்டுக்கும் அதே சத்தம்தான் கேட்கிறது, அதுவும் சேர்ந்து முக்குகிறது. அம்மாவின் இடது இமையும் இப்படித்தான். அதன் கயிறும் லேசாகத் தளர்ந்திருக்கலாம், ஆனால் வலது கண் மறைகிறதே என்று மூளை அனுப்பும் கூடுதல் உத்தரவில் அது நிமிர்ந்து நின்று, நல்ல கண் மாதிரி நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. வலது இமையைச் சரிசெய்ததும் சத்தம் அடங்கும், இடது இமை சரியும்! வீட்டுக்கு வந்தபின், "நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று சண்டை வரும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம், விரல் போதும். தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பிடித்துச் சில நொடிகள் மற்ற கண்ணைக் கவனிப்பார்கள். அது மெல்லக் கீழே இறங்கினால் விடை கிடைத்தாயிற்று. இல்லையென்றால் ஃபினைல்எஃப்ரின் சொட்டு விடுவார்கள். அது முல்லர் தசையை முடுக்கி இமையைத் தற்காலிகமாகத் தூக்கும், அப்போதும் மற்ற இமையைப் பார்ப்பார்கள். தொங்கும் கண்தான் நாம் அதிகம் நம்பிப் பார்க்கும் கண் என்றால் இந்த விளைவு இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆபரேஷனில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இமை மடிப்பிலேயே கீறி, மஞ்சள் கொழுப்பை விலக்கினால் அடியில் அந்த வெள்ளை நார், அதை இழுத்துத் தகட்டோடு தைக்க வேண்டும். ஆனால் முழு மயக்கம் கொடுப்பதில்லை, மரத்துப்போக ஊசி மட்டும்தான். பாதியில் ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, "கண்ணைத் திறங்கம்மா, நேராப் பாருங்க" என்பார்கள். ஏறியது அதிகமென்றால் தையலைத் தளர்த்துவார்கள். இரண்டு இமைகளையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அப்போதே. நோயாளி விழித்திருந்து உதவி செய்கிற இந்த மாதிரி ஆபரேஷன்கள் அதிகமில்லை.

பிறவியிலேயே தொங்கும் இமை வேறு கதை. அங்கே தசையே நாராகவும் கொழுப்பாகவும் இருக்கும், இழுத்துத் தைத்துப் பிரயோஜனம் குறைவு. தசைக்குக் கொஞ்சமும் பலமில்லை என்றால், தொடையிலிருந்து எடுத்த நார்ப்பட்டையாலோ சிலிக்கான் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவார்கள். பிறகு குழந்தை புருவத்தால் கண்ணைத் திறக்கும், தூங்கும்போது கண் லேசாகத் திறந்திருக்கும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். இமை பாவையை மறைத்தால் அந்தக் கண்ணிலிருந்து பார்க்க மூளை பழகாமலே போய்விடும், பின்னால் இமையைத் தூக்கினாலும் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

தொங்கும் இமையெல்லாம் கத்திக்கு உரியதும் அல்ல. காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் விழுந்தால், நரம்பின் உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். மூடிய இமைமேல் 2 நிமிஷம் ஐஸ் வைத்துப் பார்த்து, இமை ஏறினால் சந்தேகம் வலுக்கும். திடீரென்று இமை விழுந்து, கண்பாவையும் விரிந்து, தலைவலியும் இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்தலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது, இமை விழுவதுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளில் ஒன்று. அந்த நேரத்தில் மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களை என்ன சொல்வது!

வாசகிக்கு: அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, வலது இமையை மெதுவாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கண்ணைப் பாருங்கள். பார்க்கும்போது அவர் புருவத்தை உயர்த்தாமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கணக்குத் தப்பிவிடும். இடது இமை இறங்கினால் டாக்டர் சொன்னது சரி. இறங்கவே இல்லையென்றால், அடுத்த முறை போகும்போது உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.