ஸ்டாம்பீட்: மிரண்டோட்டமா, நெரிசலா?

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாயில்களுக்கு வெளியே 11 பேர் இறந்தார்கள். ஐபிஎல் கோப்பையோடு வந்த அணியைப் பார்க்கத் திரண்ட கூட்டம் அது. ஆங்கிலச் செய்திகளில் அது ‘ஸ்டாம்பீட்’, இந்தியில் ‘பக்தட்’, தமிழ் நாளிதழ்களில் ‘கூட்ட நெரிசல்’. மூன்றும் ஒன்றுதான் என்ற நினைப்பில்தான் மொழிபெயர்க்கிறோம். ஆனால் முதல் இரண்டும் ஓடுவதைக் குறிக்கும் சொற்கள். தமிழ்ச் சொல் அழுத்தத்தைக் குறிக்கிறது. இப்படிப்பட்ட சாவுகளின் மருத்துவக் காரணத்தைப் பார்த்தால் பொருந்துவது தமிழ்ச் சொல்தான்.

ஸ்டாம்பீட், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெக்சிகோ ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மூலச் சொல் ‘எஸ்தம்பீதா’. ஸ்பெயினில் அதற்குப் பேரொலி, முழக்கம் என்று பொருள். மெக்சிகோவின் மேய்ச்சல் நிலங்களில், மாட்டு மந்தை ஏதோ சத்தத்துக்கு மிரண்டு கண்மண் தெரியாமல் ஓடுவதற்கு அது பெயராயிற்று. அமெரிக்க மேற்குப் பகுதியில் மாடு மேய்த்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மனிதர்கள் மேல் ஏற்றியது அதற்குப் பிறகு. அதனால் அந்தச் சொல்லுக்குள் திறந்தவெளி, மிரட்சி, ஓட்டம் மூன்றும் சேர்ந்தே கிடக்கின்றன. இந்தி பக்தட்டிலும் ‘ஓடு’ என்ற வினைதான் வேர். மைதானத்தின் பூட்டிய வாயில் முன்னால் ஓட இடம் ஏது? இடமில்லாததுதானே அங்கே சிக்கலே.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் தோள் உரசும், ஆனாலும் நகரலாம். ஐந்தைத் தாண்டினால் கண்காணிப்பவர்கள் கவலைப்பட வேண்டும். ஆறு, ஏழு என்று ஏறும்போது தனித்தனி ஆட்கள் என்ற நிலை போய், கூட்டம் தண்ணீர்போல் நடந்துகொள்ளத் தொடங்குகிறது. பின்னால் எங்கோ விழுந்த சிறு தள்ளல் அலையாக வந்து, முன்னால் இருப்பவர்களைச் சில மீட்டர் தூரம் தூக்கிப் போடும். இந்த எல்லையை விளக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின். நெரிசலில் வளைந்துபோன இரும்புத் தடுப்புக் கம்பிகளைக் கொண்டு அவர் போன்றோர் கணக்கிட்ட விசை 4,500 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 450 கிலோ எடை மேலே அழுத்துவதற்குச் சமம். மூச்சை இழுக்க நெஞ்சுக்கூடு விரிந்தாக வேண்டும். முன்னும் பின்னும் இறுகியவருக்கு அது விரியாது. வெளியே விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க முடியாமல் நினைவு தப்பும், சில நிமிடங்களில் உயிரும் போகும். பலர் நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள். கீழே விழுவதற்குக்கூட இடமிருக்காது.

இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். 1989 ஏப்ரல் 15, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அரையிறுதி. நின்று பார்க்கும் பகுதிக்கு 10,100 லிவர்பூல் ரசிகர்கள். அவர்களை உள்ளே விட ஏழு சுழல்கதவுகள். இன்றைய பிரிட்டிஷ் வழிகாட்டி ஒரு சுழல்கதவுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்க விடுவதில்லை. அந்தக் கணக்கில் ஏழு கதவுக்கு 4,620 பேர். 10,100 பேர் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். மூன்று மணிக்கு ஆட்டம் என்றால், ரசிகர்கள் இரண்டரைக்குத்தான் வருவார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாசலில் நெருக்கம் ஆபத்தான அளவுக்குப் போனதும், 2.52 மணிக்குக் காவல்துறை ‘சி’ என்ற வெளியேறும் கதவைத் திறக்கச் சொன்னது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உள்ளே வந்தார்கள். நேர் எதிரே ஒரு சுரங்கவழி. ஆறடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. அது போய்ச் சேரும் இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்த மூன்றாம், நான்காம் அடைப்புகள். (ஆங்கிலத்தில் இந்த அடைப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் ‘பென்’ என்று ஒரே பெயர்.) பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. சுரங்கவழியை அடைத்து, வந்தவர்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஆள் நிறுத்தவில்லை. மூன்றாம் அடைப்பில் தடுப்புக் கம்பி ஒன்று முறிந்தது. மைதானத்தை ஒட்டிய உயர்ந்த வேலி ரசிகர்களை வெளியே விடவில்லை. ஆட்டம் 3.06க்கு நின்றது. அதன் விளைவாக இறந்தவர்கள் 97 பேர்.

பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவே இல்லை. முன்னால் இருந்தவர்களால் நகரவே முடியவில்லை. இரண்டு பக்கமும் யாரும் மிரண்டு ஓடவில்லை. இருந்தும் ரசிகர்களே கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள் என்ற பொய் முதலில் பரவியது. 1991இல் விசாரணை மன்றம் ‘விபத்துச் சாவு’ என்றது. 2016இல்தான் புதிய விசாரணை மன்றம் ‘சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள்’ என்று தீர்ப்புச் சொல்லி, ரசிகர்கள் மேல் பிழையில்லை என்றது. ஸ்டாம்பீட் என்ற சொல்லைக் கூட்டப் பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் தவிர்ப்பது இதனால்தான். ‘மந்தை மிரண்டது’ என்று எழுதிவிட்டால், வாயிலின் அகலத்தை யார் கணக்கிட்டார் என்று அடுத்த நாள் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்திலேயே அவர்கள் இப்போது சொல்வது ‘க்ரௌட் க்ரஷ்’. அதாவது, நம்மிடம் முன்பே இருந்த சொல்.

நெரிசலுக்கு வேர் ‘நெரி’. விரி, விரிசல் ஆவதுபோல் நெரி, நெரிசல். கதவிடுக்கில் விரல் நெரிந்தது என்கிறோம், கரும்பு நெரிகிறது என்கிறோம். கயிலையைத் தூக்கிய இராவணன் சிவனின் கால்விரல் அழுத்தத்தில் நெரிந்ததைத் தேவாரம் பதிகத்துக்குப் பதிகம் பாடுகிறது. ‘கழுத்தை நெரித்தான்’ என்று மூச்சை நிறுத்துவதற்கும் இதே வினைதான். இரு பக்க அழுத்தம், நசுங்கல், மூச்சுத் திணறல் மூன்றும் ஒரே சொல்லில் இருப்பது வேறெந்த மாற்றுச் சொல்லிலும் இல்லை.

குறை ஒன்று உண்டு. அண்ணா சாலையில் வண்டிகள் நகராததும் நெரிசல்தான், காலை எட்டரை மணிப் பேருந்தும் நெரிசல்தான். உயிர்ப்பலிக்கும் எரிச்சலுக்கும் ஒரே சொல் என்றால் சொல் நீர்த்துவிடுகிறது. அதனால் பாதுகாப்பு பற்றி எழுதும்போது படி பிரித்துக்கொள்வது நல்லது. ஆட்கள் அடர்ந்து நிற்பது நெருக்கம். ஒருவரையொருவர் முந்துவது தள்ளுமுள்ளு. உடல்கள் இறுகி மூச்சு முட்டும் நிலை நெரிசல். விழுந்தவர் மேல் கால்கள் போவது மிதிபடல். ஒருவர் விழுந்து, அவர்மேல் சாய்ந்திருந்தவர் பிடிமானம் இழந்து விழுந்து, அந்தப் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போவது அடுக்குச் சரிவு. உண்மையிலேயே எதையோ கண்டு பயந்து ஓடினால் மட்டும் மிரண்டோட்டம். ஸ்டாம்பீட்டுக்கு நேர்ச் சொல் இந்தக் கடைசிச் சொல்தான், நெரிசல் அல்ல. ‘வெருண்டோட்டம்’ என்றும் எழுதலாம், ஆனால் மாடு மிரண்டது என்பதுதான் வாயில் வருவது.

கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971 ஜனவரி 2 அன்று 66 பேர் இறந்தது அடுக்குச் சரிவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கடைசி நிமிட கோலைக் கேட்டுத் திரும்பி ஓடியவர்கள், இறங்கி வந்தவர்களோடு மோதினார்கள் என்று வெகுநாள் பேசப்பட்டது. விசாரணையில், 13ஆம் எண் படிக்கட்டில் எல்லோரும் ஒரே திசையில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. யாரோ இடறி விழ, மேலிருந்து வந்த எடை நிற்கவில்லை. அதன் பிறகுதான் 1975இல் பிரிட்டனில் விளையாட்டரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அங்கே ‘பச்சை வழிகாட்டி’ என்று அழைக்கப்படும் நூலின் அளவுகள் நம் ஊர் ஏற்பாட்டாளர்களுக்கும் உதவும். நின்று பார்க்கும் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தால்கூட 10 சதுர மீட்டருக்கு 47 பேர்தான் உச்சவரம்பு. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். ஆட்டம் முடிந்து எட்டு நிமிடத்துக்குள் அரங்கை விட்டு வெளியேறும் வழிகளுக்குள் எல்லோரும் போய்விட வேண்டும். மூன்று மீட்டர் அகல வாயில் என்றால் 82 × 3 × 8 = 1,968 பேர். அதன் இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் 984. அந்த வாயிலில் ஒரு நாற்காலியும் டிக்கெட் கிழிப்பவரும் நின்றால் அதுவும் இல்லை. வழியின் கொள்ளளவு எப்போதும் அதன் மிகக் குறுகலான இடத்தால்தான் தீர்மானமாகும்.

நெரிசலில் சிக்கியவர் குத்துச்சண்டை வீரரைப் போல் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் பிடிக்க வேண்டும். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாமல், அது தணியும் இடைவெளியில் குறுக்காக ஓரம் நோக்கி நகர வேண்டும். கீழே விழுந்த செருப்பையோ போனையோ குனிந்து எடுக்கக் கூடாது. சுவரையும் வேலியையும் ஒட்டி நிற்பது பாதுகாப்பு என்று தோன்றும், அழுத்தம் முழுவதும் வந்து சேர்வது அங்கேதான். இவை எல்லாம் கடைசிக் கட்டம். நான்கு பக்கமும் தோள் இடிக்கத் தொடங்கியதுமே வெளியேறுவதுதான் வழி. கையை முகம்வரை தூக்க முடியாத நிலை வந்தால் காலம் கடந்துவிட்டது.

மிரண்டோட்டமும் நெரிசலும் சேர்ந்தே நடப்பதும் உண்டு. 1964 மே 24, லிமா தேசிய மைதானத்தில் பெருவும் அர்ஜென்டினாவும் மோதியபோது காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. படிக்கட்டுகளின் அடியில் இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. அதிகாரபூர்வ எண்ணிக்கை 328 சாவுகள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மாலாங் நகரில், கஞ்சுருஹான் மைதானத்திலும் இதே கதை: கண்ணீர்ப்புகை, சரியாகத் திறக்காத வாயில்கள், 135 சாவுகள். மைதானத்துக்குள் கூட்டத்தைக் கலைக்கும் வாயுவைக் கொண்டுவரவே கூடாது என்று ஃபிஃபா விதி இருக்கிறது. இப்படிப்பட்ட செய்திக்கு ‘கால்பந்து மைதானத்தில் ஸ்டாம்பீட்’ என்ற தலைப்பும் போதாது, வெறும் ‘கூட்ட நெரிசல்’ என்பதும் போதாது. ‘கண்ணீர்ப்புகைக்கு மிரண்டு ஓடியவர்கள், திறக்காத வாயிலில் நெரிந்து சாவு’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் புகையும் கதவும் தலைப்பிலேயே வந்துவிடுகின்றன.