ஒட்டகத்தில் ஏறக் காசில்லை, இறங்கத்தான் காசு

போன கிழமை ஓர் அம்மா வந்தார். வயது 61. வலது மணிக்கட்டில் மாக்கட்டு வெட்டிப் பத்து நாளாகியும் விரல்கள் மடங்கவில்லை. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால், "பிரமிட்டுக்குப் பக்கத்தில தம்பி, ஒட்டகத்தால" என்கிறார். கிளிநொச்சியில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன், பிசியோ என்றால்தான் சனத்துக்கு விளங்கும். பனையால் விழுந்தவர், உழவு இயந்திரப் பெட்டியால் விழுந்தவர் எல்லாம் எனக்கு அன்றாடம் வருபவர்கள். ஒட்டகத்தால் விழுந்து வந்தவர்களில் இந்த அம்மா மூன்றாவது ஆள். ஒருவர் துபாயில் மகளைப் பார்க்கப் போனவர், மற்றவர் இந்தியாவில், ராஜஸ்தானின் புஷ்கரில் பிரம்மா கோயிலைக் கும்பிடப் போனவர். மூவருமே இறங்கும்போதுதான் முறித்துக்கொண்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா போனது திருநாட்டு யாத்திரை. எருசலேம், பெத்லகேம் முடித்துக் கடைசியில் எகிப்து. கீசாவில் ஒட்டகக்காரரோடு நூறு பவுண் என்று பேசி ஏறியிருக்கிறார். குழு கண்ணுக்கு மறைந்த இடத்தில் ஒட்டகம் நின்றது. நூறு என்றால் இங்கிலாந்துப் பவுண், எகிப்துப் பவுண் இல்லை என்றாராம். இரண்டுக்கும் பல பத்து மடங்கு வித்தியாசம். அம்மா மறுத்தார், அவர் ஒட்டகத்தை இருத்த மறுத்தார். கோபத்தில் அம்மா சேணத்தைப் பிடித்தபடி சறுக்கி இறங்கப் பார்த்து, கையை ஊன்றி விழுந்தார்.

"நான் விலை பேசிப்போட்டுத்தானே ஏறினனான்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பொறுக்க முடியாத நினைப்பு இதுதான். விலை பேசிவிட்டால் ஏமாற மாட்டோம், பேரம் பேசிக் குறைத்துவிட்டால் நாம்தான் கெட்டிக்காரர் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் தோளே ஆறடி உயரம். அதற்கு மேல் திமில், அதற்கு மேல் சேணம், அதற்கு மேல் நீங்கள். மன்னார்க் கழுதை மாதிரிக் காலை ஊன்றி இறங்க முடியாது. அது மண்டியிட்டால்தான் இறங்கலாம், அதை மண்டியிட வைக்கும் கயிறு ஒட்டகக்காரர் கையில் இருக்கிறது. ஏறிய நிமிடத்தோடு பேரம் பேசும் பலம் உங்களிடம் இல்லை. கீழே பேசிய விலை மேலே செல்லாது. அவர் மலிவாகச் சொல்லி ஏற்றுவதும், "காசு வேண்டாம், படம் மட்டும் எடுங்கோ" என்று ஏற்றுவதும் இதற்காகத்தான்.

ஆகவே கீழே நிற்கும்போதே இறங்கும் விலையையும் சேர்த்துப் பேசுங்கள். எந்த நாட்டுக் காசு, ஓர் ஆளுக்கா ஓர் ஒட்டகத்துக்கா, எங்கே போய் எங்கே இறக்குவது என்பதையெல்லாம் போனில் எழுதி அவருக்குக் காட்டுங்கள். இந்தியாவிலும் இந்தக் குழப்பம் வரும், அங்கத்தைய ஒரு ரூபாய் நம்முடைய மூன்று ரூபாய்க்கு மேல். காசை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகு கொடுங்கள். சில்லறைத் தாள்களைத் தனியாக வைத்திருங்கள், முழுப் பர்ஸையும் அவர் முன்னால் திறக்காதீர்கள். படம் எடுக்கவென்று போனை அவரிடம் கொடுக்கவே கூடாது, அதைத் திரும்ப வாங்கவும் ஒரு விலை சொல்வார். எல்லாவற்றையும் விட, தனியாக ஏறாதீர்கள். உங்கள் ஆள் ஒருவர் கீழே நிற்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் மேலே மாட்டிக்கொண்டால் குதிக்காதீர்கள். தயவுசெய்து குதிக்காதீர்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள், சரிவராவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அப்புறம் முறைப்பாடு செய்யலாம். எகிப்தில் சுற்றுலாப் பொலிஸ் 126, இந்தியாவில் சுற்றுலா உதவி எண் 1363. போன காசு போகட்டும், இந்த அம்மா இனி மூன்று மாதத்துக்கு அரிசி களைய முடியாது.

இனி உடம்புக்கு வருவோம். ஒட்டகம் எழும்பும்போது பின்னங்கால்தான் முதலில் எழும்பும், நீங்கள் முன்னால் எறியப்படுவீர்கள். இருக்கும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், அப்போதும் முன்னால்தான் எறியப்படுவீர்கள். இரண்டு தடவையும் நன்றாகப் பின்னால் சாய்ந்து, சேணப் பிடியை இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரு கையில் போன் வைத்துக்கொண்டு அல்ல! சேலையோடு ஒரு பக்கமாக இருந்து போகாதீர்கள், சுரிதார் போடுங்கள்.

எலும்பு தேய்ந்தவர், டிஸ்க் விலகியவர், முழங்கால் மாற்றியவர், கர்ப்பிணிகள் ஏறவே வேண்டாம். வன்னியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகும் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். செயற்கைக் காலோடு இருப்பவர்களும் அப்படித்தான். முழங்காலுக்கு மேல் காலை இழந்தவருக்குச் சேணத்தை இறுக்கிப் பிடிக்கத் தொடை உதவாது. பக்கத்தில் நின்று படம் எடுங்கள், போதும்.

சீனாய் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை உச்சி வரை என்று சொல்லி ஏற்றினாலும் ஒட்டகம் அதுவரை போகாது, கடைசி 750 படியை நீங்கள்தான் ஏற வேண்டும். இருட்டில், களைத்த காலோடு.

நீரிழிவு உள்ளவர்கள் ஒட்டகத்தைத் தொட்டுத் தடவாமல் இருப்பது நல்லது. 2012இல் கண்டுபிடிக்கப்பட்ட மெர்ஸ் என்ற சுவாச நோய்க் கிருமி ஒட்டகத்திலிருந்து தொற்றும், நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். காய்ச்சாத ஒட்டகப்பாலை யாருமே குடிக்க வேண்டாம்.

விழுந்துவிட்டீர்கள் என்றால் ஊருக்கு வந்து எண்ணெய் பூசிப் பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். அங்கேயே எக்ஸ்றே எடுங்கள், படத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். அடுத்த மாதம் இங்கிருந்து யாத்திரை போகும் குழு ஒன்று இருப்பதாக அந்த அம்மாதான் சொன்னார். புறப்பட முதல் ஒரு பத்து நிமிடம் வாருங்கள். காசொன்றும் வேண்டாம், ஒரு வாங்கில் இருத்தி எப்படிச் சாய்வது, எங்கே பிடிப்பது என்று காட்டிவிடுகிறேன்.